கம்ப்யூட்டரிலிருந்து கேசட்டுக்கு ஒரு மஞ்சள் ஒயர்

கேசட்டில் இருப்பதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுப்பதுதான் எங்கள் கடைத் தொழில். ஆனால் எதிர்த்திசையில் வருகிறவர்களும் உண்டு, தலைவலி முழுக்க அவர்களால்தான்.

போனில் வந்த வீடியோவைக் கேசட்டில் போட்டுக் கொடு என்பார்கள். அவர்கள் வீட்டில் பெட்டி மாதிரி கனமான டி.வி.யும் வி.சி.ஆரும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். கம்ப்யூட்டரிலிருந்து வரும் படத்தை ஒரு சின்னப் பெட்டி வழியாக மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று ஒயராகப் பிரித்து வி.சி.ஆரின் முதுகில் செருக வேண்டும். மஞ்சள் படத்துக்கு, மற்ற ரெண்டும் சத்தத்துக்கு. பிறகு சிவப்புப் பட்டனை அமுக்கினால் பதிவாகும். கேட்க இவ்வளவுதான். நீங்களும் என்றைக்காவது ஒரு பழைய டி.வி.க்குப் பின்னால் குனிந்து, ஒரு கையில் ஒயரும் இன்னொரு கையில் டார்ச்சுமாக நின்றிருப்பீர்கள். முதல் தடவையிலேயே படம் வந்தது என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன், நீங்களும் நம்பாதீர்கள்.

கடை நெல்லித்தோப்பில், நூர் பாயுடையது. கல்யாண வீடியோ எடுக்க அவர் தம்பி கேமராவோடு வெளியே போய்விடுவார். கடையில் பாயும் நானும். எனக்கு எதைத் தொட்டாலும் பயம். ஒயரைத் தொட்டால் ஷாக் அடிக்குமோ, சிவப்புப் பட்டனைத் தொட்டால் யாருடைய கல்யாணமாவது அழிந்துபோகுமோ என்று. குழந்தை பிறந்த பிறகு இதையெல்லாம் சாப்பிட்டுவிடுகிற மாதிரி ஒரு பெரிய பயம் வந்து சேர்ந்தது. அதனால் இந்தத் துணுக்குகளுக்கு நடுவே என் மகள் வந்து போவாள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தூக்காதீங்க

மூன்று மாதக் குழந்தையோடு வேலைக்குத் திரும்பினேன். பாய் பின்னறையில் கொக்கி அடித்துத் தூளி கட்ட இடம் கொடுத்தார். ஒரு மத்தியானம் ஆட்டாத தூளி தானாக ஆடியது. எட்டிப் பார்த்தேன். பாப்பா தூங்குகிறாள், கை வெட்டி வெட்டி இழுக்கிறது. அள்ளித் தூக்கினேன். நின்றுவிட்டது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து ஒரு கொட்டாவி விட்டாள். அடுத்த வாரத்தில் இன்னும் மூன்று தடவை. கனவு காண்கிறாள் என்றார் மாமியார். நீ பயந்து நடுங்குறதுல குழந்தை ஆடியிருக்கும் என்றார் வீட்டுக்காரர். பிட்ஸ், வலிப்பு என்கிற வார்த்தையை வீட்டில் யாரும் வாயால் சொல்லவில்லை. எனக்கு மட்டும் நாள் முழுக்க அது காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

கதிர்காமத்து ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். ஒரு கையா, ரெண்டு கையுமா? தெரியவில்லை. கண் எங்கே பார்த்தது? தெரியவில்லை. எவ்வளவு நேரம்? தெரியவில்லை. தானாக நின்றதா, தூக்கியதால் நின்றதா? அதுவும் தெரியவில்லை. பரீட்சை ஹாலில்கூட நான் இத்தனை கேள்விக்கு முழித்ததில்லை. டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "பாத்தாதாம்மா சொல்ல முடியும். அடுத்த தடவ வந்தா உடனே தூக்காதீங்க. கிட்டவே இருந்து வீடியோ எடுத்துட்டு வாங்க."

தூக்காமல் இருப்பது எப்படி என்று மட்டும் அவர் சொல்லவில்லை. அடுத்த தடவை வந்தபோது போன் கையில்தான் இருந்தது. அந்த வீடியோவை இன்னும் வைத்திருக்கிறேன். ரெண்டு வினாடி பாப்பாவின் நெற்றி, அப்புறம் தரை, அப்புறம் என் செருப்பு. அதற்கடுத்த தடவையும் அதே செருப்பு. பாய் ரெண்டையும் பார்த்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தார். "செருப்புக்கு ஒண்ணும் இல்லம்மா, நல்லா கீது."

பெரித்தெல்

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில், அவர்கள் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களைச் சொல்தா என்போம். அப்படி ஒரு சொல்தா, ரெட்டியார்பாளையத்திலிருந்து வந்தார். இஸ்திரி போட்ட அரைக்கை சட்டை, மடித்த கைக்குட்டை. வந்ததும், "பெரித்தெல் இருக்கா?" என்றார். எனக்குப் பெரிசெல்லாம் இருக்கா என்று கேட்டது. இருக்கு முசியே என்று சொல்லி, ஐந்து மீட்டர் ஒயர், பத்து மீட்டர் ஒயர், கல்யாண மண்டபத்துக்கு எடுத்துப் போகிற இருபது மீட்டர் ஒயர் எல்லாவற்றையும் கவுண்டரில் அடுக்கினேன். அவர் ஒவ்வொன்றையும் மரியாதையாகத் தள்ளி வைத்துவிட்டு, "இது நீளம். நான் கேக்கறது பெரித்தெல்" என்றார். கடைசியில் பையிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினார். மூன்று விரல் அகலத்துக்கு ஒரு பிளக், உள்ளே ரெண்டு வரிசைக் கம்பி, மரவட்டையைத் திருப்பிப் போட்ட மாதிரி. பிரான்சில் டி.வி.க்கு இதுதானாம், பேரே பெரித்தெல்தானாம். டி.வி., வி.சி.ஆர். ரெண்டையும் அங்கிருந்தே கப்பலில் கொண்டு வந்திருக்கிறார். கான்வென்ட்டில் எட்டு வருஷம் படித்த பிரெஞ்சில் இந்த வார்த்தையை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

எங்கள் கடையிலும் அது இருந்தால்தான் பதிய முடியும் என்று நினைத்திருக்கிறார். அவருக்கு வேண்டியது பேத்தி கல்யாணம். லியோனில் நடந்தது, போனில் வந்தது, கேசட்டில் போட வேண்டும். பாய் மேற்பார்வையில் கம்ப்யூட்டரிலிருந்து எங்கள் வி.சி.ஆருக்கு நான்தான் பதிவு பண்ணினேன். படம் பளிச்சென்று இருந்தது. மறுநாள் காலை சொல்தா கேசட்டோடு கவுண்டரில் நின்றார். அவர் வீட்டில் படம் ஓடுகிறது, ஆனால் கறுப்பு வெள்ளையில். பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். நம் ஊர் மெஷின் கலரைப் பதிகிற முறை ஒன்று, பிரான்ஸ் மெஷின் படிக்கிற முறை வேறு. படம் புரியும், கலர் புரியாது. வேறு ஊரில் கடை வைத்திருந்தால் இந்தத் தப்பு நடக்கவே வாய்ப்பில்லை. சொல்தா கோபப்படவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்க வூட்டு மதாம் அனுப்பின பச்சைப் புடவைய பொண்ணு கட்டினாளா, சம்பந்தி வூட்டு செவப்பக் கட்டினாளான்னு பாக்கத்தானம்மா கேசட்டே போடச் சொன்னா."

வேற ஸ்கிரீன்

நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஏழு வகுப்புகளில் டி.வி. இருக்கிறது. ஏழுக்கும் பிரின்ஸிபால் அறையிலிருக்கும் ஒரே வி.சி.ஆரிலிருந்து ஒயர் போகிறது. கம்ப்யூட்டரில் இருக்கும் ஒரு விஞ்ஞானப் படத்தை அதன் வழியாக எல்லா வகுப்புக்கும் காட்ட வேண்டும், வராத பிள்ளைகளுக்காக அப்படியே கேசட்டிலும் பதிய வேண்டும் என்று சிஸ்டர் லெயோனி கூப்பிட்டு அனுப்பினார். எனக்கு ஆறாவதில் கணக்கு எடுத்தவர். அவர் முன்னால் இப்போதும் எனக்கு உட்கார வராது. நின்றபடியே ஒயரைச் செருகினேன், சிவப்புப் பட்டனை அமுக்கினேன், கம்ப்யூட்டரில் படம் ஓட ஆரம்பித்ததைப் பார்த்தேன். சிஸ்டர் காபி சாப்பிடக் கூப்பிட்டார். அறையைச் சாத்திவிட்டுப் போனோம்.

கம்ப்யூட்டர் இன்னொரு திரையைக் கண்டால், படத்தை இரண்டிலும் காட்டுவதா, இல்லை இரண்டையும் ஒரே நீள மேஜையாக நினைத்துக்கொள்வதா என்று தானே முடிவு பண்ணிவிடும். அன்றைக்கு மேஜையாக நினைத்துக்கொண்டது. படம் ஓடியது கம்ப்யூட்டர் திரையில். வி.சி.ஆருக்கும் ஏழு வகுப்புகளுக்கும் போனது மேஜையின் மறுபாதி, அதாவது எதுவும் ஓடாத கம்ப்யூட்டர் திரையில் எப்போதும் நிற்கிற ஒரு பச்சை மலையும் நீல வானமும். அசையாத மலை, ஒரு மணி நேரம். பிள்ளைகள் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை, அது அந்தப் பள்ளிக்கூடத்து வளர்ப்பு. ஆறாம் வகுப்பு டீச்சர் மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மலையைப் பற்றிப் பத்து வரி எழுதச் சொல்லியிருக்கிறார். சிஸ்டர் டி.வி.யையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "நீ படிக்கும்போதும் இதே கதைதான் ரெஜினா. மூஞ்சி இங்க இருக்கும், மனசு வேற ஸ்கிரீன்ல ஓடும்."

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு அவமானத்தைவிட வேறொன்றுதான் மனசில் நின்றது. ஒரு மணி நேரம் அந்த அறையில் யாருமே இல்லை. ஒன்றுமே நடக்காத ஒரு மலையை அந்த வி.சி.ஆர். பதறாமல், நடுவில் போன் வந்ததும் நின்றுவிடாமல், பாதியில் ஓடிப்போய் எதையும் தூக்காமல் பதிந்துகொண்டே இருந்திருக்கிறது. எனக்கு வேண்டிய ஆள் அதுதான்.

ஓரத்தில் நின்றவர்

ஆலை மூடிய பிறகும் சங்க அறையை மூடாத பழைய மில் தொழிலாளர்கள், ஆண்டுவிழா வீடியோவைக் கேசட்டில் கேட்டார்கள். அறையில் இருப்பது கேசட் காலத்து டி.வி.தான். பழைய டி.வி.க்கு ஒரு குணம்: நாம் கொடுக்கிற படத்தின் நாலு ஓரத்தையும் கொஞ்சம் விழுங்கிவிடும். கம்ப்யூட்டரில் எல்லாமே தெரிந்தது. அங்கே போட்டால் குரூப் போட்டோவில் இடது ஓரத்தில் நின்ற பொருளாளர் காணவில்லை, தோளில் போட்டிருந்த துண்டின் நுனி மட்டும் இருக்கிறது. மன்னிப்புக் கேட்டு, படத்தைச் சுருக்கித் திரும்பப் பதிந்து தருகிறேன் என்றேன். செயலாளர் வேண்டாம் என்று கையசைத்தார். "வுடும்மா. கூட்டத்துக்கும் அவரு இந்த அளவுக்குத்தான் வருவாரு."

மச்சான் கல்யாணம்

பாயிடம் என் யோசனையைச் சொன்னேன். லேப்டாப் கேமரா முன்னால் பாப்பாவைப் படுக்க வைப்பது, திரையில் தெரிவதை வி.சி.ஆரில் பதிவது. லேப்டாப்பிலேயே பதியலாமே என்பீர்கள். கடை லேப்டாப்பில் இருந்த இலவச சாப்ட்வேர் பத்து நிமிஷத்துக்கு மேல் பதியாது. ஹார்ட் டிஸ்க்கில் ஊரார் கல்யாணம் கழுத்துவரை இருந்தது. மூன்று மணி நேரக் கேசட்டை மெதுவாக ஓட விட்டால் ஆறு மணி நேரம் வரும். பாப்பா எப்போது தூங்கினாலும் அதற்குள் அடங்கிவிடும்.

புதுக் கேசட் இப்போது எங்கே கிடைக்கிறது? பாய் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்தார். தவறி அழியக்கூடாது என்று ஓரத்துப் பிளாஸ்டிக்கை உடைத்து வைத்த கேசட். அந்தப் பள்ளத்தின் மேல் செலோ டேப் ஒட்டினால் மறுபடி பதியும். ஒட்டிக் கொடுத்தார். கேசட் முதுகில் உருதுவிலும் தமிழிலும் மணமக்கள் பேர் எழுதியிருந்தது. எனக்குக் கை வரவில்லை. நிஜமாக அழித்துவிடலாமா என்று மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவை பாய் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "என் மச்சான் கல்யாணம்மா. அழிச்சா அவனே சந்தோசப்படுவான்."

கடை விளம்பரம்

தூளிக்குள் இருக்கும் குழந்தையை எந்தக் கேமராவும் பார்க்க முடியாது, சேலைதான் தெரியும். தரையில் போட்டால் எங்கள் மகாராணி தூங்கமாட்டாள். மூன்று நாள் அழுது ஊரைக் கூட்டினாள். நாலாம் நாள் களைத்துப்போய்த் தரையில் விரித்த மெத்தையில் தூங்கினாள். லேப்டாப்பை முக்காலியில் வைத்து, மலை வராமல் பாப்பாதான் வருகிறாள் என்று டி.வி.யில் ரெண்டு தடவை சரிபார்த்து, சிவப்புப் பட்டனை அமுக்கிவிட்டு, கதவைத் திறந்தே வைத்துக் கவுண்டருக்கு வந்தேன். பத்தடி தூரம். நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்தேன். பாய் ஸ்டூலை இழுத்து வழியில் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

சாயந்தரம் போட்டுப் பார்த்தோம். முதல் பத்து நிமிஷம் பாப்பா அசையாமல் தூங்கினாள். பதினோராவது நிமிஷம், யாரும் லேப்டாப்பைத் தொடாததால், அது ஸ்கிரீன் சேவருக்குப் போய்விட்டது. பாயின் தம்பி ஆசையாகச் செய்து வைத்தது: எங்கள் கடையின் பேர், ரெண்டு மாலை, ஒரு கேமரா மூன்றும் சுற்றிச் சுற்றி மிதக்கும். சத்தம் மட்டும் பதிவாகியிருந்தது. ஒரு இடத்தில் மெத்தை சரசரவென்று உரசுகிற சத்தம் கேட்டது. கிட்டத்தட்ட அரை நிமிஷம். திரையில் மாலை மிதந்துகொண்டிருந்தது. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். வந்தது, எங்களுக்குத்தான் காட்டவில்லை. பாய் கேசட்டை வெளியே எடுத்தார். "ரெண்டரை மணி நேரம் நம்ம கடை விளம்பரம் ஓடியிருக்கும்மா, அல்லா மட்டும்தான் பாத்திருக்காரு."

திருஷ்டிப் பொட்டு

மறுநாள் ஸ்கிரீன் சேவரை நிறுத்தினேன். லேப்டாப் தானாகத் தூங்கிப்போகிற செட்டிங்கையும் நிறுத்தினேன். சார்ஜர், பெட்டியின் ஒயர், மஞ்சள் ஒயர் எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அன்றைக்குப் பதிவானது. முழுசாக. ஒரே ஒரு குறை, மவுஸின் அம்பை ஓரத்துக்குத் தள்ள மறந்துவிட்டேன். அது மூன்று மணி நேரமும் பாப்பாவின் கன்னத்தில் நின்றிருந்தது. போச்சு, இன்னொரு நாள் எடுக்க வேண்டும் என்று எழுந்தேன். பாய் உட்காரச் சொன்னார். "இருக்கட்டும்மா. திருஷ்டிப் பொட்டு மாதிரி நல்லாத்தான் கீது."

வேகமாக ஓட்டிப் பார்த்தோம். ஒரு மணி நேரம் தாண்டி முதல் தடவை. ரெண்டு கையும், ஒரு காலும். நான் முதல்முறையாக அதை முழுசாகப் பார்த்தேன். எண்ணினேன், இருபத்தெட்டு வினாடி. யாரும் தூக்கவில்லை. தானாக நின்றது, பாப்பா தூக்கத்திலேயே உதட்டைச் சப்பினாள். அந்த நேரத்தில் நான் பத்தடி தள்ளி ஒருவருக்கு பென் டிரைவை எப்படிச் செருகுவது என்று விளக்கிக்கொண்டிருந்தது சத்தத்தில் கேட்கிறது, நிதானமான குரலில். ரெண்டாவது தடவை ஆரம்பித்ததும் வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது. பாப்பா திடுக்கிட்டு முழித்தாள். அந்த வினாடியே கை நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தாள். அப்புறம் என் புடவை திரையை மறைத்தது. அதற்கப்புறம் அழியாமல் மிச்சமிருந்த பாயின் மச்சான் கல்யாணப் பந்தி.

டாக்டரிடம் வி.சி.ஆர். கிடையாது என்பது அப்போதுதான் என் மூளைக்கு வந்தது. கம்ப்யூட்டரிலிருந்து கேசட்டுக்கு எடுத்ததை, கேசட்டிலிருந்து திரும்பக் கம்ப்யூட்டருக்கு எடுத்து பென் டிரைவில் போட வேண்டியதாயிற்று. பாய் ஒயரை மாற்றிச் செருகியபடி சொன்னார். "எத்தனையோ பேரு வந்தாங்க போனாங்க. போன வழியிலயே திரும்பி வந்த ஒரே கஸ்டமர் நம்ம பாப்பாதாம்மா."

எடுத்த ஆள்

டாக்டரம்மா மூன்று தடவை பார்த்தார். லாரி ஹாரன் இடத்தை மட்டும் நாலாவது தடவையும் பார்த்தார். படம் மங்கல்தான், கலர் கரைந்துதான் இருந்தது. கை தெரிந்தது, கண் மூடியிருப்பது தெரிந்தது, முழித்ததும் நிற்பது தெரிந்தது. தூக்கத்தில் மட்டும் வந்து, முழித்தால் நிற்கிற இது சில குழந்தைகளுக்கு வரும், தானாகப் போகும், பார்த்த அளவில் பிட்ஸ் மாதிரி இல்லை என்றார். பார்த்த அளவில் என்ற வார்த்தையை நான் பிடித்துக்கொண்டது அவருக்குத் தெரிந்துவிட்டது. தலையில் ஒயர் வைத்து எடுக்கிற டெஸ்டுக்கும் எழுதிக் கொடுத்தார். பாப்பாவின் தலையில் அத்தனை ஒயரை ஒட்டியபோது, எந்த ஒயர் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அதைப் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் ஓடிப்போய்த் தூக்காமல் நின்றேன்.

அடுத்த வாரம் ரிப்போர்ட். டாக்டரம்மா புரட்டினார், கீழே கையெழுத்துப் போட்டார், ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறாள் என்றார். மாமியார் அங்கேயே சிலுவை போட்டுக்கொண்டார். நான் பாப்பாவின் சாக்ஸைச் சரிபண்ணினேன். கிளம்பும்போது டாக்டரம்மா கூப்பிட்டு நிறுத்தினார். "அந்த வீடியோ யாரும்மா எடுத்தது? தாய் தகப்பன் எடுத்தா பாதியில போன் கீழ வுழுந்துரும், இல்ல ஆடும், இல்ல அழுவுற சத்தம் கேக்கும். இத்தினி வருசத்துல கை நடுங்காம எடுத்த ஆள நான் இப்பதான் பாக்கறேன்."

மஞ்சள் ஒயரை எங்கே செருகுவது என்பதை யாருக்கும் அஞ்சு நிமிஷத்தில் சொல்லிக் கொடுத்துவிடுவேன். செருகிவிட்டு அந்த அறையிலிருந்து வெளியே வந்து நிற்பது எப்படி என்று கேட்டால், அது இன்னும் எனக்கே சரியாகத் தெரியாது.